பொறுப்பு யாருடையது: ஓர் இளையோர் நீச்சல் அணியில் இரண்டு ஆண்டுகள்

என் மகள் ஒன்பது வயதில் ஓர் இளையோர் நீச்சல் அணியில் சேர்ந்தாள். இப்போது அவளுக்கு வயது பதினொன்று. அந்த அணி எப்படி என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் அறிய விரும்புவது, பிள்ளை எத்தனை மாதங்களில் வேகமாக நீந்தத் தொடங்கும், போட்டிகளில் பதக்கம் கிடைக்குமா என்பவற்றைத்தான். அவற்றுக்கு விடை சுருக்கமானது. 25 மீட்டர் நீளமும் ஆறு தடங்களும் கொண்ட குளம் தூய்மையாக இருக்கிறது, பயிற்சியாளர்கள் நான்கு நீச்சல் முறைகளையும் பொறுமையாகக் கற்றுத் தருகிறார்கள், பிள்ளைகள் முன்னேறுகிறார்கள். மாலை வேளைகளில் ஒரு தடத்துக்கு எட்டுப் பேர் என்பது மட்டும் நெருக்கடி. நான் விரிவாக எழுத விரும்புவது, சேர்க்கையின்போது எங்கள் கையில் கொடுக்கப்பட்ட பன்னிரண்டு பக்க நடத்தை விதிகளையும், அவை அன்றாடம் கடைப்பிடிக்கப்படும் விதத்தையும் பற்றி. வாரத்தில் நான்கு நாள் நம் பிள்ளையைத் தண்ணீரிலும், உடைமாற்றும் அறையிலும், நாம் அதிகம் அறியாத பெரியவர்களின் பொறுப்பிலும் விட்டுவிட்டு வருகிறோம். அப்படி விடுவதற்கு அந்த இடம் தகுதியானதா என்பதை அந்தப் பன்னிரண்டு பக்கங்கள்தான் எனக்குச் சொல்லின.

ஆவணத்தின் கடைசியில் மூன்று கையொப்பங்களுக்கு இடம் விடப்பட்டிருந்தது: நீந்துபவர், பெற்றோர், பயிற்சியாளர். "வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள், அவளுக்குப் புரியாத விதி இருந்தால் கையெழுத்துப் போடாமல் கொண்டு வாருங்கள், நாங்கள் விளக்குகிறோம்" என்று தலைமைப் பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார். இரண்டு மாலைகள் எடுத்துக்கொண்டு படித்தோம். ஒவ்வொரு விதிக்கும் "ஏன் அம்மா?" என்று அவள் கேட்டாள். பெரும்பாலான இடங்களில் நான் விடை தேட வேண்டியிருக்கவில்லை. விதிக்குக் கீழேயே அதன் காரணம் இரண்டொரு வரிகளில் எழுதப்பட்டிருந்தது. கட்டளையாக மட்டும் சொல்லப்பட்ட விதியைப் பிள்ளைகள் பயிற்சியாளரின் கண் இருக்கும் வரைதான் மதிப்பார்கள். காரணம் புரிந்த விதியை, யாரும் பார்க்காதபோதும் மதிப்பதை நான் இங்கே கண்டிருக்கிறேன்.

தடத்துக்குள் நடந்துகொள்ளும் முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பிள்ளைகள் நாள்தோறும் சந்திப்பது இதைத்தான். ஒரே தடத்தில் பலர் நீந்தும்போது நடுக்கோட்டின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி, வட்டமாகச் சுற்றி நீந்த வேண்டும். முன்னால் போகிறவர் புறப்பட்டு ஐந்து வினாடி கழித்தே அடுத்தவர் சுவரை உதைத்துக் கிளம்ப வேண்டும். அதற்காகத்தான் குளத்தின் இரு முனைகளிலும் பெரிய வினாடிக் கடிகாரங்கள் இருக்கின்றன. இடையில் நின்று நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்யக் கூடாது. சுவர் வரை வந்து, மூலையில் ஒதுங்கி நின்று, பின்னால் வருபவர்கள் திரும்புவதற்கு நடு இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். வேகமாக வருபவர் முன்னவரின் பாதத்தை ஒரு முறை மெல்லத் தொட்டால், அடுத்த சுவரில் அவருக்கு வழிவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதி என் மகளை முதல் மாதத்தில் மிகவும் வருத்தியது. பின்னால் வந்த பையன் தன் காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறான், தன்னைச் சீண்டுகிறான் என்று கண்ணீரோடு சொன்னாள். பயிற்சியாளர் அவளைக் கரையில் உட்கார வைத்து, "காலைத் தொடுவது உன்னைக் குறை சொல்வது இல்லம்மா, தண்ணீருக்குள் பேச முடியாது, அதனால் அதுதான் 'வழி விடு' என்று கேட்கும் முறை. ஆனால் அவன் ஒரு முறைதான் தொட வேண்டும், அதை நான் அவனிடம் சொல்கிறேன்" என்றார். சொல்லவும் செய்தார். வழிவிடும் பொறுப்பு அவளுக்கும், கேட்கும் முறையைக் காக்கும் பொறுப்பு அவனுக்கும் என்று இருவருக்கும் ஒரே விதியிலிருந்து பங்கு பிரித்துக் கொடுத்த அந்த ஐந்து நிமிடங்களை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பாதுகாப்பு விதிகளில் எந்தச் சலுகையும் இல்லை. இல்லாமலிருப்பதே சரி. பயிற்சியாளர் குளக்கரைக்கு வந்து அனுமதிக்கும் வரை ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தொடக்க மேடையிலிருந்து தலைகீழாகப் பாய்வது பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆழமான முனையில் மட்டும். போட்டிக் குளங்களில் தொடக்க மேடைக்கு முன்னால் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது உலக நீச்சல் கூட்டமைப்பின் விதி. எங்கள் குளத்தின் மறுமுனை அதைவிட ஆழம் குறைந்தது. தலை தரையில் மோதினால் கழுத்தெலும்புக்கு என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளை அச்சுறுத்தாமல், ஆனால் மறைக்காமல் அவர்களுக்கு விளக்கியிருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது மூச்சடக்கும் போட்டிகளுக்கான தடை. யார் அதிக நேரம் தண்ணீருக்கடியில் இருப்பது என்பது எல்லாக் குழந்தைகளும் விளையாடும் விளையாட்டு. அதில் உள்ள ஆபத்து பெற்றோரில் பலருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை உடலில் முதன்மையாக எழுப்புவது ஆக்சிஜன் குறைவு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான் அந்தத் தவிப்பைத் தூண்டுகிறது. மூழ்குவதற்கு முன் வேக வேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. பிறகு ஆக்சிஜன் தீர்ந்துபோகும் நேரத்திலும் தவிப்பு எழுவதில்லை. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்த விளக்கம் ஆவணத்தில் அரைப் பக்கம் வருகிறது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பயிற்சியாளர் இதைக் குளக்கரையில் நின்று மீண்டும் சொல்கிறார். இந்த அரைப் பக்கத்துக்காகவே அந்த அணியைப் பரிந்துரைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இறங்குவதற்கு முன் குளிக்க வேண்டும் என்ற விதியையும் இதே போல விளக்கியிருக்கிறார்கள்: வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது குளோரமின்கள் உண்டாகின்றன, கண் எரிவதற்கும், குளத்தைச் சுற்றி வீசும் அந்தக் காட்டமான வாடைக்கும் காரணம் அவைதான். குளோரின் அதிகம் என்று நாம் குறைகூறுவது பல வேளைகளில் குளிக்காமல் இறங்கியவர்களின் வேலை. என் மகள் இப்போது என்னையும் குளிக்காமல் எந்தக் குளத்திலும் இறங்க விடுவதில்லை.

இனி, எனக்கு உடன்பாடில்லாத ஒரு விதியைப் பற்றி எழுத வேண்டும். பயிற்சி தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன் உடைமாற்றி, தொப்பியும் கண்ணாடியும் கையுமாகக் குளக்கரையில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று முறை தாமதமானால் அடுத்த போட்டியின் ரிலே அணியில் இடமில்லை. எல்லா வயதினருக்கும் இதே விதி. முதல் பருவத்தில் என் வேலை நேரம் மாறியதால், ஒரே மாதத்தில் மூன்று நாள் நான் மகளைத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டேன். மூன்று நாளும் அவள் வீட்டு வாசலில் பையோடு எனக்காகக் காத்திருந்தாள். ரிலே அணியிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது. அன்று மாலை அவள் அந்த அணியின் மற்ற மூன்று சிறுமிகளிடமும் தனித்தனியே போய் மன்னிப்புக் கேட்டாள். செய்யாத தவறுக்கு ஒன்பது வயதுப் பிள்ளை மன்னிப்புக் கேட்டதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளரிடம் பேசினேன். "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார். அவர் கடுமையானவர் இல்லை. விதியை ஒரு பிள்ளைக்காக வளைத்தால் நாளை நூறு பெற்றோர் வந்து நிற்பார்கள் என்ற அவருடைய கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த விதி தவறு. பேருந்திலோ மிதிவண்டியிலோ தானாக வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு நேரம் தவறாமை அவனுடைய பொறுப்பு. அவனுக்கு இந்தத் தண்டனை பொருந்தும். ஒன்பது வயதுப் பிள்ளையின் நேரம் அவள் கையில் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அதே ஆவணம் வேறோர் இடத்தில் இந்த வேறுபாட்டை மிக அழகாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பதுதான். நீச்சல் பையைப் பிள்ளையே அடுக்க வேண்டும், பெற்றோர் அடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. தொடக்கத்தில் நான் அதை மீறி, அவளுக்குத் தெரியாமல் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நான் ஊரில் இல்லாதபோது அவள் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அணியில் இரவல் கண்ணாடிகள் வைத்திருக்கிறார்கள். கேட்டால் தருவார்கள், ஆனால் பிள்ளையே போய்க் கேட்க வேண்டும். கேட்டு வாங்கி, பொருந்தாத கண்ணாடியோடு ஒன்றரை மணி நேரம் நீந்தினாள். அதன்பின் அவள் எதையும் மறந்ததில்லை. நானும் பையைத் தொட்டதில்லை. பை அவள் கைக்கு எட்டக்கூடியது, அதனால் அந்தப் பொறுப்பு அவளை வளர்த்தது. தாமதத்துக்கான தண்டனை அவளை வெட்கப்படுத்தியதோடு சரி.

போட்டி நாட்களுக்கான விதிகள் தனிப் பகுதியாக வருகின்றன. பெயர் கொடுத்த பிறகு வர முடியாவிட்டால் குறித்த நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், குறிப்பாக ரிலேயில் இருப்பவர்கள்; நால்வரில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் நீந்த முடியாது. ரிலேயில் முன்னவர் சுவரைத் தொடுவதற்கு முன் அடுத்தவரின் கால் மேடையை விட்டு எழுந்துவிட்டால் முழு அணியும் தகுதி இழக்கும். அதோடு, எல்லா அணிகளும் நீந்தி முடிப்பதற்கு முன் தன் முறை இல்லாத ஒருவர் தண்ணீரில் குதித்தாலும் அணி தகுதி இழக்கும். வென்ற மகிழ்ச்சியில் தோழியைக் கட்டிக்கொள்ளக் குதித்துவிடும் சிறுமிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் நெஞ்சு உடைந்துபோகும். எங்கள் அணியில் ரிலே பயிற்சியின்போது, முடித்த பிறகு கரையிலேயே நின்று தட்டிக்கொடுக்கும் பழக்கத்தையும் சேர்த்தே ஒத்திகை பார்க்கிறார்கள்.

தகுதி இழப்பை ஏற்றுக்கொள்ளும் முறையும் விதிகளில் இருக்கிறது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை என்ற நீச்சல் முறைகளில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். சிறு பிள்ளைகள் அவசரத்தில் ஒரு கையை முன்னால் நீட்டிவிடுவார்கள். என் மகளுக்கும் அது நேர்ந்தது. நடுவரிடம் பேச உரிமை பயிற்சியாளருக்கு மட்டுமே. பிள்ளையோ பெற்றோரோ போகக் கூடாது. அவள் நேராகப் பயிற்சியாளரிடம் போனாள். அவர் நடுவரின் குறிப்பைப் படித்துக் காட்டி, அடுத்த பயிற்சியில் சுவரைத் தொட்டுத் திரும்புவதைப் பத்து முறை பழகலாம் என்றார். போட்டி முடிந்ததும் நேரம் குறித்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதும் விதி. அது வெறும் மரியாதைச் சடங்கு என்று நினைத்திருந்தேன், நானே நேரம் குறிக்க உட்காரும் வரை.

ஏனெனில் பெற்றோருக்கும் கடமை உண்டு: பருவத்துக்கு மூன்று போட்டிகளிலாவது ஏதேனும் ஒரு வேலை செய்ய வேண்டும். மின்னணுக் கருவி இல்லாத போட்டிகளில் ஒரு தடத்துக்கு மூன்று பேர் நிறுத்துக் கடிகாரத்தோடு நிற்கிறோம். மூவரும் மூன்று வெவ்வேறு நேரம் காட்டினால் நடுவில் உள்ளதே அதிகாரபூர்வ நேரம். ஒளிச் சமிக்ஞையைப் பார்த்து அழுத்தி, சுவரைத் தொடும் கையைக் குனிந்து பார்த்து நிறுத்தி, நான்கு மணி நேரம் நனைந்த காலோடு நின்ற பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து "நன்றி" என்று ஓர் எட்டு வயதுப் பையன் சொன்னபோது, அந்த விதியை எழுதியவர் இந்த இடத்தில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

பார்வையாளர் மாடத்திலிருந்து பிள்ளைக்கு உத்தரவு கொடுக்கக் கூடாது, பயிற்சியின்போது பெற்றோர் நேரம் குறிக்கக் கூடாது என்ற விதிகள் எழுத்தில் இருக்கின்றன; நடைமுறையில் அவை தளர்ந்துவிட்டன. கைகாட்டி, வாயசைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் முகம் சுளிக்கும் பெற்றோர் சிலர் உண்டு. அந்தப் பிள்ளைகள் சுவரைத் தொட்டதும் பயிற்சியாளரைப் பார்ப்பதற்கு முன் மாடத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் மீறலை அன்றே கவனிக்கும் நிர்வாகம், பெற்றோரின் மீறலைக் கண்டும் காணாமல் விடுகிறது. கையொப்பம் எல்லோரும்தான் இட்டோம்.

ஒழுங்கு நடவடிக்கைகளைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்தது, நீச்சலைத் தண்டனையாக்குவதில்லை என்பது. தவறு செய்தால் கூடுதலாக நானூறு மீட்டர் நீந்து என்று சொல்லும் இடங்கள் உண்டு. பிள்ளை எதை நேசிக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையே தண்டனையாகக் கொடுப்பது எப்படிப் பொருந்தும்? இங்கே முதலில் எச்சரிக்கை. பிறகு பயிற்சியாளரின் அருகில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் பயிற்சியைப் பார்ப்பது. பிறகு பெற்றோரை அழைத்துப் பேசுவது. கடைசியாகத் தற்காலிக நீக்கம். கேலியும் துன்புறுத்தலும் மட்டும் இந்தப் படிகளைத் தாண்டி நேராக மூன்றாம் படிக்குப் போகும். சென்ற ஆண்டு மூத்த பிரிவில் ஒருவரை உடல்பருமனைச் சொல்லித் தொடர்ந்து கேலி செய்த விவகாரம் எழுந்தபோது, யார், என்ன என்ற விவரம் எதுவும் மற்றப் பெற்றோர் காதுக்கு எட்டாமல், ஆனால் கேலி நின்றுபோகும்படி அதைக் கையாண்டார்கள்.

உடைமாற்றும் அறைக்குள் கேமரா உள்ள எந்தக் கருவியையும் வெளியே எடுக்கக் கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பயிற்சியாளர் பிள்ளைக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் பெற்றோரையும் சேர்க்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பயிற்சியாளரும் பிள்ளையும் ஒரே அறையில் தங்கக் கூடாது. இவை உறுதியாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. ஒரு மழை நாளில் எல்லோரும் போய்விட, என் மகள் மட்டும் மிஞ்சியபோது, நான் வந்து சேரும் வரை பயிற்சியாளர் அவளைத் திறந்த கூடத்தில், வரவேற்பு ஊழியரின் கண்ணெதிரே உட்காரவைத்து, தானும் அங்கேயே நின்றிருந்தார்.

இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட ஆவணத்தில் புகார் கொடுக்கும் வழி மட்டும் இரண்டே வரி: எந்தக் குறையையும் தலைமைப் பயிற்சியாளரிடம் தெரிவிக்கவும். குறை அவரைப் பற்றியதாகவோ, அவருடைய நெருங்கிய உதவியாளரைப் பற்றியதாகவோ இருந்தால்? அவர் மீது எனக்கு ஐயம் எதுவும் இல்லை, இதை அவரிடமே நேரில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நல்லவர் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதை நம்பி விதி எழுதக் கூடாது. அமெரிக்காவில் இளம் விளையாட்டு வீரர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தப்பட்டது வெளிவந்த பிறகு, விளையாட்டு அமைப்புகளுக்கு வெளியே புகார்களை விசாரிக்கும் தனி மையம் 2017-இல் தொடங்கப்பட்டது. குழந்தைகள் மீதான துன்புறுத்தலை ஐயுற்றால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய விளையாட்டு அமைப்புகளின் கீழ் அவர்களோடு பழகும் பெரியவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2018-இல் வந்தது. புகார் தன் சொந்த அமைப்புக்குள்ளேயே சுற்றிவரும் வரை பிள்ளைகளின் குரல் கேட்கப்படவில்லை என்பதே அங்கே நடந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்கப்படவும் உரிமை உண்டு என்று 1989-இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் கடமைகளுக்கு ஏழு பக்கம் ஒதுக்கிய ஆவணம், அவள் பேசுவதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா? பயிற்சியாளர்களின் கடமைகளுக்கு அரைப் பக்கம்தான் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

ஆகவே, சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சேர்க்கலாம், மனநிறைவோடு சேர்க்கலாம், எட்டு வயதுக்கு மேற்பட்ட, 25 மீட்டரை நிற்காமல் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு இது நல்ல இடம். உங்கள் வேலை நேரம் நிச்சயமற்றது என்றால், அழைத்துவர வேறொருவரை ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள். ஆவணத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க நேரமில்லாதவர்கள் நேரம் கிடைக்கும் வரை பொறுத்திருப்பது நல்லது.

சென்ற பருவத்தின் முடிவில் தாமதம், புகார் பற்றிய இரண்டு விதிகளையும் மாற்றக் கோரி, மேலும் ஆறு பெற்றோரின் கையொப்பத்தோடு நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் தாமதமானால் இனிப் பெற்றோரைத்தான் அழைத்துப் பேசுவார்கள், பிள்ளையின் ரிலே இடம் போகாது என்று இந்தப் பருவத்தின் புதிய படிவத்தில் மாற்றியிருக்கிறார்கள். புகார் பகுதியில் அதே இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் கூடும் பொதுக்குழுவில் அதைப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகள் தன் கையொப்பத்தை இட்டுவிட்டாள். நான் என்னுடையதை இட்டு, அந்த இரண்டு வரிகளின் ஓரத்தில், அணிக்கு வெளியே இருக்கும் ஒருவரின் பெயரும் எண்ணும் இங்கே வேண்டும் என்று கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.